கடல் கடந்து அடங்கிய படைவீரருக்குக் கொழும்பிலிருந்து நினைவுக்கடன்: முழுமையான வழிகாட்டி

பாட்டாவின் தம்பி, அம்மம்மாவின் அண்ணன் என்று பல வீடுகளில் ஒரு படம் தொங்கும். இருபது, இருபத்திரண்டு வயதுப் பெடியன், தலையில் சரிந்த தொப்பி. "சண்டைக்குப் போனவர், திரும்பி வரேல்லை" என்பதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரியாது. அந்த ஒரு வரியிலிருந்து தொடங்கி, கல்லறையைக் கண்டுபிடித்து, திதியைக் கணித்து, கல்வெட்டு என்ற நினைவுச் சிறுநூலை அச்சடித்து, கல் நாட்டுவது வரை என்ன செய்யலாம் என்பதே இந்த வழிகாட்டி. இரண்டு உலகப் போர்களிலும் பிரித்தானிய, இந்தியப் படைகளில் சேர்ந்து இறந்தவர்களுக்கு இது பொருந்தும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். உடலோ எலும்போ ஊருக்கு வராது. கல்லறைகளைத் தோண்டி உடலை ஊருக்கு அனுப்புவதை முதலாம் போரின்போது, 1915இலேயே தடுத்துவிட்டார்கள். இரண்டாம் போரிலும் அதே நடைமுறைதான். கல்லறை மண்ணைப் பிடியளவு கொண்டுவரலாமா என்றும் கேட்பார்கள். தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அனுமதியில்லாமல் மண்ணை நாட்டுக்குள் கொண்டுவர முடியாது. கட்டுநாயக்கவில் பறிகொடுப்பதற்காக எடுத்துவராதீர்கள். நாம் கொண்டுவரக்கூடியவை பெயர், திகதி, இடம் ஆகிய மூன்றும்தான். இந்த மூன்றும் உறுதியாகும் முன் கல்லுக்கு முற்பணம் கொடுக்க வேண்டாம். பிழைத்துப்போன நினைவுக்கற்களில் பெரும்பாலானவை அவசரத்தில் பிழைத்தவை.

1. றங்குப்பெட்டியில் தொடங்குங்கள்

தேட வேண்டிய முக்கியமான எண் படைச்சேவை இலக்கம். பெயர் பத்து விதமாக எழுதப்பட்டிருக்கும், இலக்கம் அப்படியல்ல. முதலாம் போரில் மட்டும், படைப்பிரிவு மாறியவருக்கு இலக்கமும் மாறியிருக்கலாம். பழைய தந்தி, சம்பளப் புத்தகம், உறையில் எழுதிய அனுப்புநர் முகவரி, இறப்பை அறிவிக்கும் 'பி. 104-82' என்ற இராணுவப் படிவம் ஆகியவற்றில் அது இருக்கும்.

பதக்கங்களைப் பார்க்கும்போது கவனம். முதலாம் போர்ப் பதக்கங்களின் விளிம்பில் இலக்கமும் பெயரும் பொறித்திருக்கும். இரண்டாம் போரில் பிரித்தானியா வழங்கிய பதக்கங்களில் பெயர் கிடையாது. ஆனால் அவை இடத்தைக் காட்டும்: 'ஆபிரிக்கா ஸ்டார்' இருந்தால் வட ஆபிரிக்கப் பக்கம், 'இத்தாலி ஸ்டார்', 'பர்மா ஸ்டார்' என்றால் அந்தந்தக் களங்கள். முதலாம் போரில் இறந்தவரின் வீட்டில் ஏறக்குறைய 12 சென்ரிமீற்றர் அகலத்தில் வட்டமான வெண்கலத் தகடு ஒன்று கிடக்கலாம். அதில் பெயர் மட்டும் இருக்கும், பதவி இராது. எதையும் பிராசோ போட்டு மினுக்க வேண்டாம். விளிம்பு எழுத்து தேய்ந்தால் அதோடு ஆதாரமும் போய்விடும்.

வீட்டிலுள்ள மூத்தவர்களிடம் "எங்கே இறந்தார்?" என்று கேட்பதைவிட "அவருக்கு எப்போது திவசம் செய்வார்கள்?" என்று கேளுங்கள். திகதி மறந்தவர்களுக்கும் மாதம் ஞாபகமிருக்கும்.

2. பதிவைத் தேடுதல்

1917இல் தொடங்கப்பட்ட பொதுநலவாய போர்க் கல்லறைகள் ஆணைக்குழு ஏறக்குறைய 17 இலட்சம் பேரின் பெயர்களைப் பேணுகிறது. அதன் இணையத்தளத்தில் யாரும் இலவசமாகத் தேடலாம். 1914 ஓகஸ்ட் 4 முதல் 1921 ஓகஸ்ட் 31 வரையும், 1939 செப்டெம்பர் 3 முதல் 1947 டிசெம்பர் 31 வரையும் சேவையில் இறந்தவர்களே அதில் அடங்குவர். போர் முடிந்தபின் முகாமில் காய்ச்சலில் இறந்தவரும் இந்தக் காலத்துக்குள் என்றால் அதிலே இருப்பார்.

தேடல் பிழைப்பது பெரும்பாலும் மூன்று காரணங்களால்.

முதலாவது, பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரும் சொந்தப் பெயரும் இடம் மாறிப் பதிந்திருப்பார்கள். கந்தையா என்ற பெயரை ஆங்கிலத்தில் 'கே'யில் தொடங்கியும் எழுதுவார்கள், 'சி'யில் தொடங்கியும் எழுதுவார்கள். 'த'வுக்குப் பின்னால் 'எச்' வரலாம், வராமலும் விடலாம். 'ழ', 'ள' இரண்டும் 'எல்' ஆகியிருக்கும். தந்தை பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டும் ஒருமுறை தேடுங்கள்.

இரண்டாவது, நாடு. 'ஸ்ரீலங்கா' என்று தேடினால் எதுவும் கிடைக்காது. அந்தப் பெயர் 1972இல்தான் வந்தது. மேலதிக விபரம் என்ற கட்டத்தில் 'சிலோன்' என்றோ ஊர்ப்பெயரையோ ஆங்கிலத்தில் இடுங்கள். "இன்னாரின் மகன், யாழ்ப்பாணம், சிலோன்" என்பதுபோன்ற குறிப்பு அங்கேதான் இருக்கும்.

மூன்றாவது, படை. இலங்கையர் பிரித்தானிய இராணுவத்தின் பிரிவொன்றில் சேர்ந்திருந்தால் பதிவில் ஐக்கிய இராச்சியப் படை என்றே காட்டும். நாட்டை வைத்து வடிகட்டினால் அவர் வடிந்துபோவார். அந்தக் கட்டத்தை வெறுமையாக விடுங்கள்.

பதிவு கிடைத்ததும் அதோடு இணைத்துள்ள பழைய தாள்களின் பிரதிகளையும் பதிவிறக்குங்கள். கல்லறைப் பதிவு அறிக்கை, நடுகல் அட்டவணை ஆகியவை அவற்றில் முக்கியம். தட்டச்சில் அடித்து, கையால் திருத்திய தாள்கள் அவை. இணையப் பக்கத்தில் ஏறிய பெயருக்கும் அந்தத் தாளிலுள்ள பெயருக்கும் ஓரெழுத்து வேறுபட்டால் தாளில் உள்ளதையே நம்புங்கள்.

3. கல்லறையா, பெயர் மட்டுமா?

இதை யாரும் கவனிப்பதில்லை. பதிவில் 'கல்லறை' என்றால் பகுதி, வரிசை, குழி இலக்கம் இருக்கும். 'பலகை' அல்லது 'நிரல்' என்று இருந்தால் அவருக்குத் தனிக்கல்லறை இல்லை, நினைவுச் சுவரில் பெயர் மட்டும் உண்டு. சிங்கப்பூர் கிராஞ்சியிலுள்ள நினைவகத்தில் 24,000க்கு மேற்பட்ட பெயர்களும், யங்கூனுக்கு வெளியே தாவுக்யானிலுள்ள ரங்கூன் நினைவகத்தில் ஏறக்குறைய 27,000 பெயர்களும் அப்படி இருக்கின்றன.

இந்துக் குடும்பங்களுக்கு மூன்றாவது ஒன்றும் உண்டு. இந்தியப் படையில் இருந்த இந்துக்கள் பலரை, வாய்ப்பிருந்த இடங்களில், தகனம் செய்தார்கள். அவர்களுக்கெனத் தனித் தகன நினைவகங்கள் உள்ளன. இத்தாலியில் சாங்ரோ ஆற்றுக் கல்லறைத் தோட்டத்திலுள்ள நினைவகத்தில் 500க்கு மேற்பட்ட இந்தியப் படையினரின் பெயர்கள் இருக்கின்றன. இப்படிப்பட்டவருக்கு "இத்தாலியில் அடக்கம் செய்யப்பட்டார்" என்று கல்லில் வெட்டினால் அது பொய். "பெயர் பொறிக்கப்பட்ட இடம்" என்று எழுதுங்கள்.

ஈராக்கின் பஸ்ராவில் புதைக்கப்பட்டவர் என்றால் நடுகல்லின் படத்தைத் தேடி அலைய வேண்டாம். மண்ணின் உப்பு கற்களை அரித்ததால் 1935இல் அங்கிருந்த முதலாம் போர் நடுகற்களை அகற்றி, பெயர்களைச் சுவரில் எழுதினார்கள்.

எல்லாருடைய பெயரும் இந்தப் பட்டியல்களில் வந்துவிட்டது என்றும் எண்ண வேண்டாம். ஆசிய, ஆபிரிக்கப் படையினர் பல்லாயிரம் பேர் சமமாக நினைவுகூரப்படவில்லை, பலருக்குப் பெயரே பதியப்படவில்லை என்பதை ஆணைக்குழு நியமித்த குழுவே 2021இல் அறிக்கையாக வெளியிட்டது. உங்கள் உறவினரின் பெயர் விடுபட்டிருந்தால் சேவையில் இறந்ததற்கான அக்காலத்து ஆவணத்துடன் விண்ணப்பிக்கலாம். பெயர்ப் பிழையைத் திருத்தவும் அதே வழிதான். குடும்பத்தார் இன்று எழுதும் கடிதத்தை விடப் பிறப்புச் சான்றிதழ், அன்றைய கடிதம், பத்திரிகை அறிவித்தல் ஆகியவற்றுக்குத்தான் பெறுமதி.

அந்த ஆவணங்களுக்கு கொழும்பு 7இலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குப் போகலாம். பழைய வர்த்தமானிகளும் பத்திரிகைக் கட்டுகளும் அங்கே இருக்கின்றன. வீரகேசரி 1930இலும் தினகரன் 1932இலும் தொடங்கியவை. ஆகவே இரண்டாம் போர்க்கால மரண அறிவித்தல்களைத் தமிழிலேயே தேடலாம். இறந்த நாளிலிருந்து இரண்டு, மூன்று மாதம் தள்ளிப் பாருங்கள். அந்தக் காலத்தில் செய்தி வந்துசேர அவ்வளவு சுணங்கும். அடையாள அட்டையும் பென்சிலும் கொண்டுபோங்கள். லண்டன் பக்கத்து ஆவணங்களில், முதலாம் போர்ச் சேவைக் கோப்புகளின் பெரும்பகுதி 1940 செப்டெம்பர் குண்டுவீச்சில் எரிந்துவிட்டது. அது கிடைக்கவில்லை என்று பதில் வந்தால் வேறு யாரோ ஒளிக்கிறார்கள் என்று நினைக்க வேண்டியதில்லை.

4. திதி கணித்தல்

ஆங்கிலத் திகதி கிடைத்ததும் குருக்களிடம் ஓடுவார்கள். அதற்கு முன் இரண்டு விடயங்களைச் சரிபார்க்க வேண்டும்: மணி, பஞ்சாங்கம்.

திதி உலகம் முழுவதற்கும் ஒரே கணத்தில் மாறும், கடிகாரம்தான் இடத்துக்கிடம் வேறுபடும். உதாரணத்துக்கு ஒருவர் 1944 ஜூலை 20இல் இத்தாலியில் இறந்தார் என்று வைத்துக்கொள்வோம். அன்று சூரிய கிரகணம். அமாவாசை முடிந்த கணம் நமது இன்றைய நேரப்படி முற்பகல் 11.15 அளவில். இத்தாலியில் அப்போது காலை ஏழே முக்கால். விடியற்காலைத் தாக்குதலில் இறந்திருந்தால் ஆடி அமாவாசை. பகலில் இறந்திருந்தால் தாரண வருடம், ஆடி மாதம், பூர்வபட்சப் பிரதமை. பதிவில் திகதி மட்டுமே இருக்கும், மணி இராது. படைப்பிரிவின் போர் நாட்குறிப்பு கிடைத்தால் சண்டை எப்போது நடந்தது என்று பார்க்கலாம்.

வீட்டிலுள்ள பழைய பஞ்சாங்கத்தில் பார்ப்பவர்களுக்கு இன்னொரு பொறி உண்டு. 1942 செப்டெம்பர் முதல் 1945 ஒக்ரோபர் வரை இலங்கையில் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்தள்ளி வைத்திருந்தார்கள். பஞ்சாங்கத்தில் எந்த நேரம் போட்டிருக்கிறது என்பதைக் கவனியுங்கள். வாக்கியமும் திருக்கணிதமும் திதி முடிவில் சில மணித்தியாலம் வேறுபடும். உங்கள் வீட்டுத் திவசங்கள் எந்தப் பஞ்சாங்கப்படி நடக்கின்றனவோ அதையே இதற்கும் எடுங்கள். இரண்டையும் கலந்தால் ஒவ்வோர் ஆண்டும் சண்டைதான்.

சில பதிவுகளில் "இத்தனையாம் திகதிக்கும் இத்தனையாம் திகதிக்கும் இடையில்" என்றிருக்கும். காணாமற்போனவர்களின் நிலை அது. அப்படியானவருக்குத் திதியைக் கற்பனையாகப் பிடிக்காமல் அந்த மாதத்து அமாவாசையைக் கொள்வது வழக்கம். மணமாகாமல் இறந்த இளைஞருக்குப் பிள்ளைகள் இல்லை என்பதால் யார் கடன் செய்வது என்ற கேள்வி வரும். சகோதரரின் வழிவந்தவர்கள் செய்யலாம். புரட்டாதி மகாளயத்தில் அவர் பெயரையும் சேர்த்துச் சொல்லும்படி குருக்களிடம் பெயர், கோத்திரம் எழுதிக் கொடுத்தால் ஆண்டுக்கு ஒருமுறையாவது தவறாது.

கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு இது இலகு. இறந்த திகதியில் ஆண்டுத் திருப்பலிக்குப் பங்குத்தந்தையிடம் பெயர் கொடுக்கலாம், நவம்பர் 2இல் மரித்தோர் நினைவிலும் சேர்க்கலாம். முஸ்லிம் குடும்பங்கள் யாசீன் ஓதி துஆ கேட்பதற்கு ஆங்கிலத் திகதியோடு ஹிஜ்ரித் திகதியையும் குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

5. கல்வெட்டு அச்சிடுதல்

இலங்கைத் தமிழருக்குக் கல்வெட்டு என்றால் அந்தியேட்டிக்குக் கொடுக்கும் சிறு புத்தகம். இந்த இளைஞர்களில் யாருக்கும் அது கிடைத்திருக்காது. முப்பத்தோராம் நாளன்று செய்தியே வந்திராதே. நம் கருத்தில், கல் நாட்டுவதற்கு முன் செய்ய வேண்டியது இதுதான். செலவு குறைவு, பிழையைத் திருத்தலாம், கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற உறவுகளின் கைக்கும் போகும்.

ஏ5 அளவு, நடுவில் தைத்த புத்தகம் என்றால் பக்கங்கள் நான்கின் மடங்காக இருக்க வேண்டும். 16 பக்கம் போதும். படம், திதி வெண்பா, வாழ்க்கைக் குறிப்பு, படைப்பிரிவும் களமும், கல்லறை இருக்கும் இடத்தின் வரைபடம், நடுகல்லின் படம், வம்சாவளி, தேவாரம் அல்லது சங்கீதம், நன்றி நவிலல். கூட்டப் படத்திலிருந்து முகத்தை மட்டும் பெருப்பிக்கப் போகிறீர்கள் என்றால் 1,200 புள்ளி அடர்த்தியில் ஸ்கேன் செய்யுங்கள். கைபேசியில் எடுத்த படம் அச்சில் மங்கும்.

திதி வெண்பாவில் வருடம், மாதம், பட்சம், திதி, பெயர் ஐந்தும் வரவேண்டும். மேலே சொன்ன உதாரணத்துக்கு இப்படி அமையும்:

தாரணமாம் ஆண்டாடித் தண்பூர்வ பட்சத்தில்
சீரார் பிரதமைநாள் சென்றடைந்தான் – போரின்
களத்தில் கடல்கடந்து காலூன்றி வீழ்ந்த
இளவீரன் ஈசன் அடி

'இளவீரன்' என்ற இடத்தில் பெயரை அப்படியே மாற்றிப் போட்டால் தளை தட்டும். அந்தச் சீர் காய்ச்சீர், முதல் அசை நிரை. முன்னடியின் இரண்டாம் எழுத்தோடு எதுகையும் பொருந்த வேண்டும். யாப்புத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து எழுதுவியுங்கள். அச்சகத்தில் ஏற்கனவே இருக்கும் வெண்பாவில் பெயரை மாற்றிப் போட்டுத் தருவார்கள். அதைப் படிக்கிறவருக்கு உடனே விளங்கிவிடும்.

சொற்களிலும் ஒரு எச்சரிக்கை. 'மாவீரர்', 'துயிலும் இல்லம்' போன்ற சொற்களுக்கு இந்த நாட்டில் வேறு பாரம் உண்டு. உலகப் போரில் இறந்தவரைப் 'படைவீரர்' என்றே எழுதினால் வாசிப்பவர் குழம்பமாட்டார்.

பிரதிகளைக் கொழும்பு பொது நூலகத்துக்கும், யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்கும், மின்வடிவத்தை 'நூலகம்' என்ற இணைய எண்ணிம நூலகத் திட்டத்துக்கும் கொடுங்கள். வீட்டுப் பிரதி கறையானுக்குப் போனாலும் அவை நிற்கும்.

6. கல் நாட்டுதல்

குடும்பத்தின் பழைய கல்லறை பொரளை கனத்தையில் இருந்தால் அதன்மேல் ஒரு பெயர்க்கல்லைச் சேர்ப்பதே சிறந்தது. மயானம் மாநகர சபையின் பொறுப்பில் உள்ளதால் முதலில் அங்கே எழுத்தில் அனுமதி கேட்க வேண்டும். கல்லறைப் பற்றுச்சீட்டு யாருடைய பெயரில் இருக்கிறது என்பதே பெரும்பாலும் தடங்கல். இந்துக் குடும்பங்களுக்கு மயானத்தில் நிலம் இராது; வீட்டு மதில், ஊர்க் கோவில் மடம், அவர் படித்த பள்ளிக்கூடம் ஆகியவற்றில் ஒன்று பொருத்தம்.

வெளிநாட்டு நடுகல்லின் அளவு உயரம் 32 அங்குலம், அகலம் 15 அங்குலம், தடிப்பு 3 அங்குலம். பதவி, மதம், இனம் பாராமல் எல்லாருக்கும் ஒரே அளவு. அதே அகலத்தில் பாதி உயரமுள்ள கருங்கல் பலகை மதிலுக்குக் கச்சிதம். முதலாம் போர்க் கற்களின் அடியில் குடும்பத்தார் விரும்பிய வாசகத்துக்கு இடைவெளி உட்பட 66 எழுத்துகள் மட்டுமே அனுமதித்தார்கள். அந்தக் கட்டுப்பாட்டை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள், கல் அழகாக இருக்கும்.

எழுத்து வெட்டுவதில்தான் அதிகம் பிழைக்கும். கடைக்காரரின் கணினியில் பாமினி எழுத்துருவும் நீங்கள் அனுப்பியது யூனிகோடும் என்றால் 'கொ', 'கோ', 'கௌ' ஆகியவற்றின் கொம்பு இடம் மாறும். ஆகவே வாசகத்தைப் படக்கோப்பாக, எழுத்துகளை உருவக் கோடுகளாக மாற்றிக் கொடுங்கள். மணல்வீச்சு முறையில் ஒட்டும் தாளில் மெய்யெழுத்தின் புள்ளி மிகச் சிறியது, காற்றடியில் பிய்ந்துபோகும். அப்போது 'கந்தன்' என்பது 'கநதன்' ஆகிவிடும். எழுத்து உயரம் ஓர் அங்குலத்துக்குக் குறையக் கூடாது. புள்ளியைச் சற்றுப் பெரிதாக்கச் சொல்லுங்கள். வெட்டு முன் உண்மை அளவில் தாளில் அச்செடுத்து, தமிழ் வாசிக்கத் தெரிந்த இருவர் எழுத்தெழுத்தாகப் பார்த்துக் கையொப்பம் இட வேண்டும். ண, ன, ந மூன்றையும் தனியாக ஒருமுறை பாருங்கள்.

7. நவம்பரில் விகாரமகாதேவிப் பூங்கா

கொழும்புப் பொது நூலகத்துக்கு எதிரே நிற்கும் வெள்ளைத் தூண் போர் நினைவுச்சின்னம், ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் லட்யன்ஸ் வடிவமைத்தது. முதலில் காலிமுகத்திடலில் நின்றது. இரண்டாம் போரில் ஜப்பானியருக்குக் குறிவைக்க அடையாளமாகிவிடும் என்று கழற்றி இங்கே கொண்டுவந்தார்கள். வெளிநாட்டுப் பெரிய கல்லறைத் தோட்டங்களில் நடுவே கிடக்கும் நினைவுக் கல்லையும் அவர்தான் வடிவமைத்தார். உங்கள் உறவினர் அப்படியொரு தோட்டத்தில் இருந்தால் இரண்டு இடத்தையும் ஒரே கை இணைக்கிறது.

முதலாம் போர் ஓய்ந்த நாளான நவம்பர் 11ஐ ஒட்டிய ஞாயிற்றுக்கிழமை முன்னாள் படைவீரர் சங்கம் நினைவு நிகழ்வு நடத்தும். மலர்வளையம் வைக்க விரும்பினால் ஒக்ரோபரிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் வேண்டாம் என்றால் அடுத்த நாள் காலை போகலாம். அன்று நினைவுக்காக அணியும் சிவப்புப் பொப்பி மலர் கட்டாயமில்லை. பொப்பி விற்ற பணம் பிரித்தானிய முன்னாள் படையினருக்கே போகிறது என்று 1931இல் இங்கே எதிர்ப்பு எழுந்து, அதற்குப் பதிலாகச் சூரிய மல் விற்றார்கள். நாம் பூவரசம்பூ என்போமே, அதுதான். ஆனால் பூவரசம்பூ காலையில் மஞ்சளாக விரிந்து மாலைக்குள் சிவந்து சுருங்கும். அன்றைக்குப் பறித்து அன்றைக்கே வைக்க வேண்டும். முதல்நாள் வளையம் கட்டி வைத்தால் வாடிவிடும்.

8. நேரில் போகிறவர்களுக்கு

பகுதி, வரிசை, குழி இலக்கத்தைக் கையில் எழுதிக்கொள்ளுங்கள். பெரிய தோட்டங்களின் வாசலில் சுவரோடு சிறிய வெண்கலக் கதவு இருக்கும். உள்ளே பதிவேடும் வரைபடமும் பார்வையாளர் புத்தகமும். துருக்கியின் கலிப்போலியிலும் இந்தியாவின் கோகிமாவிலும் நிமிர்ந்த நடுகல் இராது, தாழ்ந்த பீடம்தான். தேடும்போது கண்ணைக் கீழே வைத்திருங்கள்.

பெரும்பாலான நடுகற்கள் போர்ட்லன்ட் சுண்ணாம்புக்கல். நுண்துளை உள்ள கல் அது. நல்லெண்ணெய் ஒரு சொட்டுப் பட்டால் கறை உள்ளிறங்கிப் போகாது. குங்குமமும் மஞ்சளும் அப்படியே. பால் ஊற்றினால் பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே கல்லில் எதுவும் பூசாதீர்கள். ஒரு பித்தளைத் தட்டைப் புல்லில் கல்லிலிருந்து இரண்டடி தள்ளி வைத்து, அதில் சிறிய அகலும் கற்பூரமும் ஏற்றி, முடிந்ததும் சாம்பலோடு எடுத்து வந்துவிடலாம். திருநீற்றை உங்கள் நெற்றியில் இட்டுக்கொண்டால் போதும்.

படம் எடுக்கும்போது உச்சி வெயிலில் எழுத்துத் தெரியாது. காலையிலோ மாலையிலோ வெயில் கல்லின் பக்கவாட்டில் விழும்போது எடுங்கள், வெட்டின் நிழல் எழுத்தை எழுப்பிக் காட்டும். அப்போதும் தெளியாவிட்டால் சுத்தமான தண்ணீரை மட்டும் தெளியுங்கள். சோக்கட்டி, மா எதுவும் தேய்க்க வேண்டாம். முழுக்கல் ஒன்று, பெயர் மட்டும் ஒன்று, இரு பக்கத்து அயல் கற்களோடு ஒன்று என மூன்று படம் எடுங்கள். மூன்றாவதை யாரும் எடுப்பதில்லை. எண்பது வருடமாக அவருக்குப் பக்கத்தில் கிடப்பவர் யார் என்று வீட்டில் கட்டாயம் கேட்பார்கள்.